கொஞ்சம் ‘டிஷ்யூ’ என்றால் எவ்வளவு?

வடசென்னையிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 31 வயது, திருமணமாகவில்லை. பட்டறை ஒன்றில் வேலை, பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆறு மாதத்துக்கு முன் ஓர் இரவு சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. போலீஸ் வந்தது. அரசு மருத்துவமனையில் போஸ்ட் மார்ட்டம் முடிந்து மறுநாள் மதியம் உடலைக் கொடுத்தார்கள். மார்ச்சுவரி வாசலில் மாமா இரண்டு மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே தகனம், பிறகு பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்தது. இன்சூரன்ஸுக்காகப் போன மாதம் போஸ்ட் மார்ட்டம் சான்றிதழை வாங்கிப் பார்த்தபோது அதில் இருந்த வரிகள் இவை: ‘ஹார்ட் 540 கிராம், முழுதாக ஹெச்.பி.ஈ.க்கு அனுப்பப்பட்டது. விசரா பிரிசர்வ்ட். ஒப்பீனியன் ரிசர்வ்ட்.’

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. “நெஞ்சு இல்லாமலா என் புள்ளைய அனுப்பி வெச்சேன்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ‘உறுப்பை வித்துட்டாங்க’ என்கிறார் மாமா. ‘கேஸ் போட்டால் ஒரு கோடி வரும்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இதற்கிடையில் இரண்டு வாரம் முன்பு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒருவர் போன் செய்து, “ஸ்டூடண்ட்ஸுக்காகக் கொஞ்சம் டிஷ்யூ வெச்சுக்கறோம், உங்களுக்கு ஓகேதானே?” என்று கேட்டிருக்கிறார். ‘அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்’ என்று வாசகி போனை வைத்துவிட்டார். எங்களைக் கேட்காமல் எடுக்கலாமா, மாமா போட்ட கையெழுத்து எதற்கு, திரும்பக் கிடைக்குமா, கல்லூரிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார். தம்பி கண்தானத்துக்குப் பதிவு செய்திருந்தும் ஏன் கண்ணை எடுக்கவில்லை என்பதும் அவர் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

போனில் நீங்கள் சொன்ன பதில் மிகச் சரி. இந்த விஷயத்தில் வாயால் ‘சரி’ என்றும் சொல்லக்கூடாது, ‘முடியாது’ என்றும் சொல்லக்கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அம்மாவின் மனதை அரிக்கிற சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம்.

விற்றிருப்பார்களா?

வாய்ப்பே இல்லை. மாற்று அறுவைக்கான இதயத்தை, மூளைச்சாவு அடைந்து ஐ.சி.யூ.வில் இருப்பவரிடமிருந்து, அது துடித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கிறார்கள். எடுத்த பிறகு ஐஸில் வைத்தாலும் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் இன்னொருவருக்குப் பொருத்தியாக வேண்டும். இரவில் நின்றுபோய், மறுநாள் பிணவறையில் எடுக்கப்பட்ட இதயம் யாருக்கும் பொருத்த உதவாது. கருவிழி, தோல், இதய வால்வு போன்றவற்றை இதயம் நின்ற பிறகும் சில மணி நேரத்துக்குள் எடுக்க முடியும். ஆனால் போஸ்ட் மார்ட்டத்துக்கு வந்த உடலிலிருந்து எடுப்பதானாலும், மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி இறந்தவரின் எழுத்து அனுமதியோ நெருங்கிய உறவினரின் சம்மதமோ வேண்டும்.

தம்பியின் கண்ணை எடுக்காததற்கும் காரணம் நேரம்தான். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அவரைப் பார்த்ததே விடிந்த பிறகு.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஒரு கோடி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இல் செய்த திருத்தப்படி, உறுப்பை விலைக்கு விற்றால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அது குற்றவாளி அரசுக்குக் கட்டுகிற அபராதம், குடும்பத்துக்கு வருகிற நஷ்டஈடு கிடையாது. உங்கள் தம்பி விஷயத்தில் அந்தப் பிரிவே பொருந்தாது. அதை நம்பி வக்கீல் நோட்டீஸுக்குச் செலவழிக்க வேண்டாம்.

உங்களைக் கேட்காமல் எடுத்தது சட்டப்படி சரியா?

எடுத்தது சரி. சொல்லாமல் விட்டது சரியில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

திடீரென, காரணம் தெரியாமல் ஒருவர் இறந்தால் போலீஸ் பிரேத விசாரணை நடத்த வேண்டும். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவை வைத்து ‘174’ என்று எல்லோரும் சொல்வது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு. அதன்கீழ் உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. குடும்பத்திலேயே ஒருவர் மேல் சந்தேகம் இருக்கக்கூடிய வழக்குகளும் வரும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். பரிசோதனைக்குத் தேவையான பாகத்தை எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரமும் அதற்குள் அடக்கம்.

மாமா போட்ட கையெழுத்துகள் பெரும்பாலும் இவையாக இருக்கும்: இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ எழுதிய வாக்குமூலம், ‘சாவில் சந்தேகம் இல்லை’ என்ற வரி, கடைசியில் பிரேதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. உறுப்பை வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று அவற்றில் எதுவும் இருக்காது. அப்படி ஒரு படிவத்தை மார்ச்சுவரி வாசலில் நீட்டும் வழக்கம் நம்மூரில் இல்லை. அதனால் ‘மாமா எழுதிக் கொடுத்துவிட்டார்’ என்று அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். ‘நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள்’ என்று மருத்துவமனை சொன்னால் அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள்.

ஆனால் இந்த அதிகாரம் சாவின் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் கொடுக்கப்பட்டது. காரணம் தெரிந்து, (சான்றிதழில் ‘ஒப்பீனியன் ரிசர்வ்ட்’ என்று நிறுத்தி வைத்திருக்கிற) இறுதிக் கருத்தை எழுதி, வழக்கையும் முடித்துவிட்டால் அந்த இதயத்தை வைத்திருக்க அந்தப் பிரிவில் காரணம் எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு பாடம், மியூசியம், ஆராய்ச்சி எதுவானாலும் உங்கள் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ‘கருத்து’ என்று சொல்லக் காரணம், போஸ்ட் மார்ட்டத்துக்குப் பின் மிஞ்சும் உறுப்பை என்ன செய்வது என்று வரி வரியாகச் சொல்லும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. பிரிட்டனில் 2004இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். நமக்கு இருப்பது, வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு. இறந்தவரின் கண்ணியமும் முறையான இறுதிச்சடங்கும் அதற்குள் வரும் என்று உச்ச நீதிமன்றமும், கொரோனா காலத்தில் 2020இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. இறந்த உடல் யாருக்கும் சொத்து கிடையாது என்பது சட்டத்தில் பழைய கொள்கை. அதனால் ‘திருட்டு’ என்று புகார் எழுதினால் நிற்காது. கடைசிக் காரியத்துக்காக உடலைக் கேட்டு வாங்கும் உரிமைதான் குடும்பத்துக்கு உண்டு. உங்கள் மனுக்களை அந்த உரிமையின் மேல் நிறுத்துங்கள்.

“ஹார்ட்டைப் பரிசோதனைக்கு வைத்திருக்கிறோம், முடிவு வர இவ்வளவு மாதம் ஆகும், அதன்பின் இன்னாரைப் பாருங்கள்” என்று மார்ச்சுவரியில் ஒருவர் சொல்லியிருந்தால் உங்கள் அம்மா இந்த ஆறு மாதத்தில் இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டார். சொல்ல அரை நிமிடம் போதும். சட்டம் கேட்கவில்லை என்பதால் யாரும் சொல்வதில்லை. இதை மாற்றத் தனிச்சட்டம்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

ஜாடிக்குள் இருப்பது என்ன?

சான்றிதழில் இரண்டு வரி இருப்பதால் இரண்டு தனித்தனி விஷயங்கள் நடந்திருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொண்டால் தவறான அலுவலகத்துக்கு அலைவீர்கள்.

‘விசரா’ என்பது விஷம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இரைப்பை அதிலுள்ள உணவோடு, சிறுகுடலில் ஏறக்குறைய 30 செ.மீ., ஈரலில் 500 கிராம் அளவு, இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதி, கொஞ்சம் ரத்தம். இதுதான் வழக்கமான கணக்கு. உறுப்புகளைக் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு, வாயகன்ற பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் சீல் வைப்பார்கள். மேலே இடம் விடாவிட்டால் நம் வெயிலில் உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறித்துவிடும். இவை பெரும்பாலும் நீதிமன்றம் வழியாக மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் போகும். (1849இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் கூடத்தின் வாரிசு அது. இந்த வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல.) பரிசோதனையில் இந்தப் பாகங்களை அரைத்துக் கரைத்துவிடுவார்கள். இவற்றைத் திரும்ப வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று நேராகவே சொல்கிறேன். வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளும் நிலையில் அவை இருக்காது.

‘ஹெச்.பி.ஈ.’ என்பது திசுநோயியல் பரிசோதனை. இதயம் போனது அதற்கு. இங்கே உப்புக் கரைசல் ஆகாது, பத்து சதவீத ஃபார்மலின் வேண்டும். அதுவும் உறுப்பின் அளவைப் போலப் பத்து மடங்கு. சின்ன டப்பாவில் முழு இதயத்தை அடைத்துக் கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றினால் வெளிப்பக்கம் இறுகி உள்பக்கம் அழுகிவிடும். அறிக்கையில் ‘ஆட்டோலைஸ்ட், கருத்துச் சொல்ல இயலவில்லை’ என்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சரியாக ஊறிய இதயத்தை ரொட்டி போலத் துண்டு போட்டு, ரத்தக்குழாய்களை மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பார்கள். சந்தேகமான இடங்களிலிருந்து விரல்நகம் அளவுள்ள சில துணுக்குகளை எடுத்து மெழுகில் பதிப்பார்கள். அதற்குப் பெயர் ‘பிளாக்’. அதிலிருந்து மைக்ரான் கணக்கில் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றினால் ‘ஸ்லைடு’.

ஆக இன்று மூன்று பொருள்கள் இருக்கலாம்: ஃபார்மலினில் மீதி இதயம், சில மெழுகு பிளாக்குகள், சில ஸ்லைடுகள். இந்த மூன்றுக்கும் உங்கள் பதில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி

ஐந்தாம் பக்கத்தில், ‘அப்பாவும் நான் பத்தாவது படிக்கும்போது இப்படித்தான், பஸ்ஸுக்கு நிற்கும்போது விழுந்து போய்விட்டார், வயது 42’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான்.

வயதுவந்த ஆணின் இதயம் பொதுவாக 300, 350 கிராம் இருக்கும். உங்கள் தம்பியுடையது 540. நான் வழக்கறிஞர், நோயைச் சொல்வது என் வேலை இல்லை. ரத்தக்கொதிப்பாலும் இதயம் தடிக்கும். ஆனால் இதயத்தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. இளம் வயதில் திடீர் மரணத்துக்கு அது தெரிந்த காரணங்களில் ஒன்று. பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா 42, தம்பி 31. உங்களுக்கு ஏழு வயதில் ஒரு பையன் இருக்கிறான்.

அதனால் ‘உடனே வாங்கி எரித்துவிட வேண்டும்’ என்ற அவசரம் வேண்டாம். தம்பி எதனால் போனார் என்பதற்கான பதில் அந்த ஜாடிக்குள்ளோ, ஏற்கெனவே எழுதி எங்கோ ஒரு கோப்பில் கிடக்கும் அறிக்கையிலோ இருக்கிறது. இந்த வாரமே நீங்கள் போஸ்ட் மார்ட்டம் சான்றிதழின் நகலோடு ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். ‘540 கிராம்’ என்ற வரியையும் அப்பாவின் மரணத்தையும் சொல்லுங்கள். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பார்க்கச் சொல்வார்கள். அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். பையனுக்கு எப்போது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்லட்டும். இதற்கு ஹெச்.பி.ஈ. முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிளாக்கையும் ஸ்லைடையும் ஆய்வகத்திலேயே விட்டுவையுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். வேறொரு நிபுணர் பார்க்க வேண்டும் என்றால் அவைதான் ஆதாரம். அவை உங்கள் வம்சத்தின் மருத்துவக் கோப்பு மாதிரி. எரித்துவிட்டால் மறுபடி கிடைக்காது. மாதக்கணக்கில் ஃபார்மலினில் ஊறிய தசையில் மரபணு சிதைந்துவிடும் என்பதால், மரபணுப் பரிசோதனைக்காக மீதி இதயத்தைக் காத்து வைப்பதில் பெரிய பயனில்லை. அந்தப் பகுதி போனால் மருத்துவ ரீதியில் நஷ்டம் அதிகமில்லை.

கல்லூரிக்கு என்ன பதில்?

‘கொஞ்சம் டிஷ்யூ’ என்றால் மேலே சொன்ன துணுக்குகளா, முழு இதயமா? மருத்துவக் கல்லூரி மியூசியங்களில் கண்ணாடி ஜாடியில் வைப்பது பெரும்பாலும் முழு உறுப்பு. போன் செய்தவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய பேச்சில் டிஷ்யூ என்றால் எல்லாம்தான். கேட்பவர் காதில்தான் அது சின்னதாக விழும்.

இந்த ஒரு சொல்லால் ஒரு நாடே கொந்தளித்தது. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஆல்டர் ஹே என்ற குழந்தைகள் மருத்துவமனை. 1988 முதல் 1995 வரை அங்கே பிரேதப் பரிசோதனை செய்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் ஜாடி ஜாடியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2001இல் விசாரணை அறிக்கை வந்தது. படிவத்தில் ‘டிஷ்யூ’ என்று பார்த்துக் கையெழுத்திட்ட பெற்றோர், முழு இதயமும் மூளையும் அதில் அடங்கும் என்று நினைத்திருக்கவே இல்லை. இன்னும் கொடுமை, உறுப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததால் சில குடும்பங்கள் ஒரே குழந்தைக்கு இரண்டு மூன்று முறை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. உங்களுக்கு இதிலிருந்து தேவையானது ஒன்றுதான்: என்னென்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியலை ஒரே தடவையில் எழுத்தில் வாங்குங்கள். வாங்குவதானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்குங்கள்.

கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: முழு உறுப்பா, துணுக்கா, பாடத்துக்கா, ஆராய்ச்சிக்கா, எவ்வளவு காலம், ஜாடியின் மேல் பெயரோ போஸ்ட் மார்ட்டம் எண்ணோ இருக்குமா, படம் எடுப்பார்களா, பின்னால் மனம் மாறினால் திருப்பித் தருவார்களா, வைத்துக்கொள்ளும் காலம் முடிந்தால் என்ன செய்வார்கள். ஆராய்ச்சி என்றால் அந்நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் எண்ணையும் கேளுங்கள். அது இல்லாமல் நடத்தக்கூடாது.

இன்னொன்று. வழக்கு முடியும்வரை அந்த இதயம் விசாரணைக்குரிய பொருள். நீங்களே சம்மதித்தாலும் போலீஸ் தரப்பில் ‘இனித் தேவையில்லை’ என்று எழுத்தில் வராமல் கல்லூரி அதை மியூசியத்துக்கு மாற்றக்கூடாது.

கொடுப்பது தப்பில்லை. கண்ணையே கொடுக்க நினைத்த பிள்ளை, இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். ஆனால் கண்தானப் பதிவை வைத்து, ‘அவரே சம்மதித்துவிட்டார்’ என்று யாரும் சொல்ல முடியாது. அது ஒருவருக்குப் பார்வை கொடுப்பதற்காக எழுதியது, அலமாரியில் வைப்பதற்கு எழுதவில்லை. தம்பிக்கு மனைவி, மக்கள் இல்லை. எனவே முதல் சொல் அம்மாவுடையது. ‘அவங்க மனசு தாங்காது’ என்று நீங்களும் மாமாவும் சேர்ந்து அவருக்குத் தெரியாமல் முடிவெடுக்காதீர்கள். சான்றிதழில் திடீரென்று பார்த்ததுதான் அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. இன்னொரு முறை அப்படி ஆகக்கூடாது.

யாருக்கு எழுதுவது?

முதல் கடிதம் மருத்துவமனையின் சட்டம் சார் மருத்துவத் துறைத் தலைவருக்கு, நகல் டீனுக்கும் ஆர்.எம்.ஓ.வுக்கும் (நிலைய மருத்துவ அலுவலர்). தம்பி பெயர், போஸ்ட் மார்ட்டம் எண், தேதி, காவல் நிலையம், குற்ற எண் ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். எண் இல்லாத கடிதம் மேசை மேசையாகச் சுற்றும். கேட்க வேண்டியது நான்கு: என்னென்ன பாகம் எடுத்தீர்கள், இப்போது எங்கே இருக்கிறது, ஹெச்.பி.ஈ. முடிவு வந்ததா, எங்கள் எழுத்துபூர்வமான முடிவு வரும்வரை இதயத்தை அழிக்கவோ மியூசியத்துக்கு மாற்றவோ வேண்டாம். கடைசியாகச் சொன்னதுதான் அவசரம். வழக்கு முடிந்ததும் மீதி உறுப்பை மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்புவது நடைமுறை. 2016 விதிகளில் அது சட்டப்படியான செயல்தான். ஆகவே நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. அது ஏற்கெனவே நடந்திருக்கவும் கூடும். அம்மாவிடம் ‘கொண்டு வருகிறேன்’ என்று இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கடிதம் காவல் நிலைய இன்ஸ்பெக்டருக்கு. விசரா அறிக்கை வந்ததா, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். வழக்கமாக எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்றால், தடய அறிவியல் அறிக்கை நீதிமன்றத்துக்கோ ஸ்டேஷனுக்கோ வந்து கிடக்கும். ஹெச்.பி.ஈ. அறிக்கை மருத்துவத் துறையில் கிடக்கும். இரண்டையும் போஸ்ட் மார்ட்டம் செய்த மருத்துவர் கையில் சேர்த்தால்தான் அவர் இறுதிக் கருத்து எழுத முடியும். சேர்க்க வேண்டியது ஸ்டேஷன். சேர்க்கும்படி கடிதத்திலேயே கேளுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் நிற்பதும் இந்த இறுதிக் கருத்துக்காகத்தான்.

இரண்டையும் நேரில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும், இல்லையேல் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘விசாரணை நடக்கிறது’ என்று மறுப்பு வந்தால், இந்தத் தகவலைத் தருவது விசாரணையை எப்படித் தடுக்கும் என்று காரணம் எழுதச் சொல்லுங்கள். வெறும் ‘நடக்கிறது’ போதாது.

இறுதிக் கருத்து வந்து, ஸ்டேஷன் ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தும் மருத்துவமனை தராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அதுவரை போக வேண்டி வராது என்றே நினைக்கிறேன். வந்தாலும் பணத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், இலவசச் சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 எண்ணிலும் கேட்கலாம்.

வாங்கிக்கொள்வதானால்

நீங்களோ மாமாவோ போங்கள், அம்மா வேண்டாம். முழு இதயமாக அது இருக்காது. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், ரப்பர் போல இறுகிய துண்டுகளாக இருக்கும். இதை அம்மாவுக்கு முன்கூட்டியே, உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். ஃபார்மலினை வடித்துத் தண்ணீரில் அலசி, கசியாத இரட்டைப் பையில் போட்டு டப்பாவில் தரும்படி துறையிடமே கேளுங்கள். ஃபார்மலின் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய திரவம். வீட்டில் திறக்க வேண்டாம். ‘கடலில் கரைத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம். தகனம்தான் சரி.

போஸ்ட் மார்ட்டம் எண்ணோடு மருத்துவமனையின் ஒப்படைப்புக் கடிதமும், இறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். மாநகராட்சி மயானத்தில் முதல் நாளே போய்ப் பொறுப்பாளரிடம் காட்டிப் பேசிவிடுங்கள். டப்பாவோடு வாசலில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம். மறுபடி காரியம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. முதலில் செய்தது செல்லாது என்று சொல்லும் விதியும் எங்கும் இல்லை. முன்பு காரியம் செய்து வைத்தவரையே கேளுங்கள். கேட்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.